இன்னும் ரெண்டு நெரைதான்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் சிரிக்கலாம், கோபப்பட மாட்டேன்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தே எனக்கு ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது. வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தானா ராத்தா டவுனில் சின்னதாக ஒரு அப்பக்கடை பார்த்து வைத்துக்கொண்டு, "முட்டி நல்லா இருக்கிறப்பவே வந்துடு செல்வி, மிச்ச காலமாச்சும் ஒண்ணா இருப்போம் லா" என்று நச்சரிப்பார். "இன்னும் ரெண்டு நெரைதான், முடிச்சிட்டு வந்துடுறேன்" என்பேன். நெரை என்றால் செடி வரிசை. மாலையில் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போக வந்தாலும் இதே பதில், கடைக்குக் கூப்பிட்டாலும் இதே பதில். அதற்குள் மேனேஜர் என்னை ஆட்களை மேய்க்கிற கங்காணியாக இருக்கச் சொன்னார். மறுநாள் சரி என்று சொல்லிவிடுவதாக இருந்தேன்.

அன்று மத்தியானமே பனி இறங்கிவிட்டது. பனி இறங்கினால், கடைசியாக இறங்குகிறவர் மேட்டைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும், யாராவது நெரையில் மாட்டியிருந்தால் பதில் வரும். அன்று கடைசி ஆள் நான். மற்ற எல்லாரும் லோரியில் ஏறிவிட்டது தெரிந்தும், வழக்கத்தை விடாமல், "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினேன்.

"இன்னும் ரெண்டு நெரைதான், முடிச்சிட்டு வந்துடுறேன்."

நம்பினால் நம்புங்கள், அது என் குரல். வயதாகி, மூச்சு வாங்குகிற என் குரல். பனி கொஞ்சம் விலகியபோது மேல் நெரையில் ஒரு கிழவி முதுகைக் காட்டிக்கொண்டு கொழுந்து எடுப்பது தெரிந்தது. வீட்டுக்காரரின் பழைய நீலச் சட்டையைக் கிழித்துத் தோளில் நான் ஒட்டுப்போட்ட ஜாக்கெட் அவள் மேல் இருந்தது. அதே ஜாக்கெட்டைத்தான் நானும் போட்டிருந்தேன்.

"அவரு இன்னும் கீழ காத்துக்கிட்டுதான் இருக்காரா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பனியைப் பார்த்து முன்னாலேயே வந்து, கீழே மோட்டார் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், கடைக்குப் போய்விடலாம் என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை.

இப்போது அவர் தேங்காய் துருவுகிறார், நான் அப்பம் ஊற்றுகிறேன், சந்தோஷமாகத்தான் இருக்கிறோம். போன வாரம், என்னோடு கொழுந்து எடுத்த லெட்சுமி சாப்பிட வந்தாள். அவள் இன்னும் அதே தோட்டத்தில்தான் வேலை பார்க்கிறாள். வெகுநேரம் என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டாள்.

"அக்கா, பனி இறங்கினா இப்பல்லாம் அந்த மேட்டுல நாங்க குரல் குடுக்கிறதில்ல."

"ஏன்?"

"நீங்க பதில் சொல்றீங்க."