தொடாத மூடி

ஆயுத பூசை வரைக்கும் பொறுக்காமல் கணினிக்குத் திருநீறு பூசிய பொறியாளன் நான். வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை அழுத்தி உருட்டும் ரோலருக்குப் புது மூடி செய்திருந்தார்கள். அது அழுத்தத்தைத் தாங்குமா என்று நான் கணினியில் கணக்கிட்டுச் சொன்ன பிறகுதான் மாட்டுவார்கள். கொழுந்து குவியும் பருவம் நெருங்கியது. கணக்கோ ஒவ்வொரு முறையும் விடைக்கு வராமல் பாதியில் நின்றது. மென்பொருளையும் மின்சாரத்தையும் மாறி மாறித் திட்டினேன்.

கடைசியில் கணினியில் வரைந்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மூடிக்கும் இலைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. எதையும் தொடாத மூடியை அழுத்தினால் அது அந்தரத்தில் பறக்காமல் என்ன செய்யும்? முதலில் தொடவைத்து, பிறகு மெல்ல மெல்ல அழுத்தினேன். விடை வந்தது, மூடி தாங்கும்.

தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் பெருமையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “மூடி தொட்டாத்தான் இலை அமுங்கும்னு கண்டுபிடிக்கவா சேர் இவ்வளவு நாளு?”