அன்ரனோடு தேடிய பழுது

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். வள்ளத்து எஞ்சின் சூடேறி நின்றதும், "படிச்சனிதானே, பார் தம்பி. உலை வைக்கவேணும்" என்றார் அப்பா.

மெக்கானிக்கான என் நண்பன் அன்ரனும் வந்தான். மூன்று நாள், எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்தண்ணீர்க் குழாய்களை ஊதி ஊதிப் பார்த்தோம். அந்தத் தண்ணீரை இழுக்கும் பம்பில் நான் கைவைத்தால், "அது நான் புதுச் சில்லுப் பூட்டினது மச்சான், விடு" என்பான். விட்டேன்.

நான்காம் நாள் தனியே பம்பைக் கழற்றினேன். பொருளாதாரத் தடைக்காலத்தில் நான் அலைந்து வாங்கி, பூட்டச்சொல்லி அவனிடம் கொடுத்த றப்பர்ச் சில்லுக்குப் பதிலாக, பழைய டயரில் வெட்டிய துண்டு கிழிந்து கிடந்தது.

போய்க் கேட்டேன். "என்ரை அண்ணையின்ரை வள்ளமும் ஓடவேணுமெல்லோ? அதுக்குத்தான் பூட்டினான்" என்றான்.

சில்லை எடுத்ததைக்கூட மறந்திருப்பேன். எல்லாம் தெரிந்துகொண்டே மூன்று நாள் என்னோடு குனிந்து தேடினானே, அதைத்தான் இன்றும் தாங்க முடியவில்லை.