குளியலறைப் பம்பும் அம்மாவின் காதும்

அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு குளியலறையில் ஷவர் பூட்டினேன். தண்ணீர்த் தாங்கியின் உயரம் போதாததால் ஷவர் அழுதுவடிந்தது. அதற்கென்று ஒரு சின்னப் பம்ப் வாங்கினேன். நீர்வேலியில் தோட்ட மெசின்கள் திருத்துகிற அண்ணை ஒருவர் வந்து குளியலறைச் சுவரின் வெளிப்பக்கத்தில் அதைப் பூட்டித் தந்தார். குழாயைத் திறந்தால் தானாக ஓடும், மூடினால் நிற்கும்.

ஓடியது. சுவர் அதிர்ந்து, குசினியில் அடுக்கியிருந்த பீங்கான் தட்டுகள் கிலுகிலுத்தன.

அம்மா குளிக்கப் போனார். பம்ப் இரைந்தது, நின்றது. மறுபடி இரைந்தது, நின்றது. தோளில் சவர்க்கார நுரையோடு வெளியே வந்துவிட்டார். அடுத்தடுத்த நாட்களும் அதே கதைதான்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். சத்தம்தான் பிரச்சினை என்று அண்ணையை மறுபடி கூப்பிட்டேன். அவர் பம்பைச் சுவரிலிருந்து கழற்றி, நிலத்தில் நான் தேடிக் கொடுத்த பழைய டயர்த் துண்டின் மேல் இருத்தி, வளையும் குழாய் போட்டார்.

"இனிப் பூனை மாதிரித்தான்," என்றார்.

உண்மைதான், சின்ன உறுமல்தான் மிஞ்சியது. அம்மா அப்போதும் இடையிடையே நிற்பாட்டினார். கதவில் தட்டினேன்.

"இப்ப என்னம்மா? சத்தமே இல்லையே."

"இருக்குப் பிள்ளை. இது ஓடேக்கை வேறை ஒண்டும் கேக்காது."

சண்டைக் காலத்தில் குண்டு போட வரும் பொம்மர் விமானத்தின் சத்தத்தை முதலில் கேட்டவர் கத்துவார். தோட்டங்களில் ஓடும் தண்ணீர் மெசின்களை எல்லோரும் நிற்பாட்டிவிட்டுக் காது கொடுப்பார்கள். எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் பங்கர்க் குழிக்கு ஓடுவது. அப்பா அன்று வாழைக்கு இறைத்துக்கொண்டிருந்தார். அம்மா வேலியில் நின்று கத்தியது மெசின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. குண்டு விழுந்து அப்பா போன பிறகும் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாதான் போய் நிற்பாட்டினார்.

இந்தக் கதை எனக்குத் தெரியாததல்ல. டயர்த் துண்டு தேடித் திரிந்தபோது நினைவுக்கு வரவேயில்லை.

"நீங்கள் குளியுங்கோ அம்மா. நான் வெளியிலை நிண்டு கேக்கிறன்."

"வடிவாக் கேப்பியே?"

"ஓம்."

பம்ப் நிற்காமல் ஓடியது. முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காகங்களும் பக்கத்து வீட்டு ரேடியோவும்தான் கேட்டன. ஆனாலும் பயமாக இருந்தது. ஒரு காகம் பறந்ததற்கே உடம்பு தூக்கிப்போட்டது.

தலை முழுகிவிட்டு வந்த அம்மா, "ஒண்டும் வரேல்லைத்தானே?" என்று கேட்டார்.

"இல்லையம்மா."

பின்னேரம் நான் குளிக்கப் போனேன். குழாயில் கை வைத்தபோது கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் கேட்டது.

"நீ குளி பிள்ளை. நான் நிக்கிறன்."