நத்தார் பிஸ்கட்டில் சுக்கு

இராணுவச் சுற்றிவளைப்பில் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று கிழமையாகியும் அவரைப் பார்க்க எங்களை விடவில்லை. அம்மாவும் நானும் ஒவ்வொரு நாளும் முகாம் வாசலுக்குப் போவோம். காவலுக்கு நிற்பவன் கையை வீசித் துரத்துவான். திரும்பி வருவோம். யேசு பிறந்த நத்தாருக்கு இரண்டு நாள் இருக்கும்போது வாசலில் ஒரு புதியவன் நின்றான். நாளைக் காலையில் சாப்பாடு ஏதும் கொண்டுவந்தால் உள்ளே கொடுப்பதாக அரைகுறைத் தமிழில் சொன்னான். அம்மா அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டார்.

"பிஸ்கட் சுடுவம். சோறெண்டால் வெயிலுக்குப் பழுதாப்போம்."

நத்தாருக்கு நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டிச் சுடும் பிஸ்கட் எங்கள் வீட்டில் வருடம் தவறாதது. பால்மா டின்னை வெட்டி அதற்கு அச்சுச் செய்து தந்தவரே அண்ணன்தான். அச்சு இருந்தது, மா இல்லை. லொறி வராமல் மன்னார்க் கடைகளில் நுளம்புத்திரியும் நெருப்புப்பெட்டியும்தான் மிச்சம். நிவாரண அரிசியை இடித்தால் அடுத்த நாள் அடுப்பில் வைக்க ஒன்றும் இராது. பாப்பாமோட்டையிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் பின்வளவில் கொட்டில் போட்டிருந்த அக்காதான், தான் காயவைத்து இடித்த மரவள்ளி மாவை ஒரு பேணி நிறையக் கொண்டுவந்து தந்தார்.

"கோதுமையா இருந்தா என்ன, கெழங்கா இருந்தா என்ன? வெட்டிட்டா நட்சத்திரம்தானே!" என்றார்.

அவ்வளவு லேசில் வெட்டுப்படவில்லை. அந்த மாவுக்குப் பிடிப்பு என்பதே கிடையாது. தட்டினால் வெடிக்கும், தூக்கினால் உதிரும். இரண்டு முட்டையும் பனங்கட்டிப் பாகும் தேங்காய் எண்ணெயும் விட்டுப் பிசைந்து, பொலித்தீன் இரண்டுக்கு நடுவில் வைத்து, போத்தலால் உருட்ட வேண்டியிருந்தது. அம்மா பாவசங்கீர்த்தனத்துக்குக் கோவிலுக்குப் போன நேரம் நான் மாவை நக்கிப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. அண்ணனுக்குப் பிஸ்கட் என்றால் சுக்கு மணக்க வேண்டும். கோப்பிக்கு வைத்திருந்த சுக்குத்தூளில் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. யாரையும் கேட்டு ஒன்றைச் செய்வது எனக்கு அப்போது பெரிய மானக்கேடு.

மணல் பரப்பிய சட்டிக்குள் தட்டை வைத்து, மூடியின் மேல் தணல் போட்டுச் சுட்டோம். பனங்கட்டியும் புகையும் சேர்ந்த மணத்தில் அம்மாவுக்குச் சுக்கு பிடிபடவில்லை. நல்லவை நாற்பது. கால் முறிந்தவை ஒரு பதினைந்து வரும், அவற்றை வீட்டில் வைத்துவிட்டோம்.

மறுநாள் காலை, அந்தப் புதிய காவல்காரன் நாங்கள் கொண்டுபோன டின்னைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"நீ சாப்பிடு."

கடித்தேன். நாக்கில் சுக்கு உறைத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மரவள்ளிக் கிழங்கு சமைத்த அன்று எங்கள் வீடுகளில் இஞ்சித் தேத்தண்ணி கூடக் குடிக்க விடமாட்டார்கள். இரண்டும் வயிற்றில் சேர்ந்தால் நஞ்சு. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாவாகிவிட்ட பிறகு அது கிழங்கு என்பதே என் மண்டையில் இருக்கவில்லை. சொன்னால், ஆமிக்கு நஞ்சு கொண்டுவந்தவள் என்று என்னையும் அண்ணனையும் அங்கேயே முடிப்பார்கள். சொல்லாவிட்டால் அண்ணன் சாப்பிடுவார். காவல்காரன் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். விழுங்கினேன். அவனும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு டின்னோடு உள்ளே போனான்.

பாதி வழியில் அம்மாவிடம் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இன்னும் வேகமாக நடந்தார். வீட்டுக்கு வந்ததும் முறிந்த பிஸ்கட்டுகளை மடியில் கொட்டி ஒவ்வொன்றாகச் சாப்பிடத் தொடங்கினார். நானும் கையை நீட்டினேன்.

"தொடாதை! ஆராவது ஒராள் மிஞ்ச வேணும்."

"ஏனம்மா இப்பிடிச் செய்யிறியள்?"

"அவனுக்கு என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியவேணும்."

பதினொரு பிஸ்கட் சாப்பிட்டார். பிறகு கதிரையில் சாய்ந்து மணிக்கூட்டைப் பார்த்தார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். வயிற்றிலிருந்து ஒரு ஏவறை வந்தாலும் ஓடிப்போய் அவர் பக்கத்தில் குந்தினேன். என் வயிற்றிலும் ஒன்று கிடக்கிறது என்பதை நினைக்கக்கூட எனக்கு நேரமில்லை. யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால் கதை முகாம் வரைக்கும் போய்விடும். வெளியே ஒரு கழுதை கத்தியதற்கு இருவரும் எழுந்து நின்றோம். பின்னேரம் இரண்டு மணிவரை அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவரால் அதற்கு மேல் இருக்க முடியவில்லை.

"வா, போய்ச் சொல்லுவம். சுட்டால் சுடட்டும்."

வாசலில் அதே காவல்காரன். பள்ளிக்கூடத்தில் படித்த நாலு சிங்களச் சொல் எனக்கு உண்டு. "பிஸ்கட்... மஞ்ஞொக்கா... இங்குரு," என்று மரவள்ளியையும் இஞ்சியையும் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அவனுக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது. துவக்கு என் பக்கம் திரும்பியது. நான் கண்ணை மூடினேன். திறந்தபோது அவன் ஒரு கையால் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளே பார்த்து ஏதோ கத்தினான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் அண்ணனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், உயிரோடு இருக்கிறார் என்று எங்களுக்குக் காட்டத்தானோ என்னவோ. சேர்ட் இல்லை. விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தார்.

அம்மா கத்தினார்: "பிஸ்கட் சாப்பிட்டனியோ, ராசா?"

"என்ன பிஸ்கட்? எனக்கு ஒண்டும் தரேல்லையே, அம்மா."

அம்மா இரண்டு கைகளையும் தூக்கினார். "மாதாவே, நன்றி! தரேல்லையாம்!" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம். காவல்காரன் வெளிறிப்போய் நிற்பதைக் கண்டு அம்மா அவனுக்கும் ஆறுதல் சொன்னார்: "ஒண்டும் செய்யாது தம்பி, நான் பதினொண்டு திண்டனான்."

அண்ணன் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பாடு கிடைக்கவில்லை என்று சொன்னதற்குத் தாயும் தங்கையும் சிரிக்கிறார்கள். கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள்.

காவல்காரனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளும் அவன்தான் நின்றான், எங்களைப் பார்க்காமல். மாசியில் அண்ணனை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். எந்த முகாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

தான் சாகும்வரை அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நாங்கள் ஏன் சிரிச்சனாங்கள் எண்டு அவனுக்கு விளங்கியிருக்குமோ, பிள்ளை?"

விளங்கியிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் பொய் சொன்னேன்.