வாசலில் உட்கார்ந்த தாய்மாமன்

எனக்குக் காது குத்தியபோது ஒன்பது வயது. அவ்வளவு தாமதத்துக்குக் காரணம் என் தாய்மாமன்தான். ஊரிலிருந்து அடுத்த கப்பலில் வருகிறேன், அடுத்த கப்பலில் வருகிறேன் என்று எழுதிக்கொண்டே இருந்தார். அவர் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், அந்த உரிமையை வேறொருவருக்குக் கொடுத்தால் அண்ணனை அவமதித்ததாகும் என்பாள் அம்மா. நான் தலைமுடியைக் காதுமேல் இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன்.

ரப்பர் விலை விழுந்திருந்த காலம் அது. தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் அக்கரையில் படகேறி பினாங்குக்கு வந்து இறங்கின. வேலையில்லாதவர்களை முகாமில் வைத்து ஊருக்குக் கப்பலேற்றியது சர்க்கார். போக மனமில்லாதவர்கள் சூலியா தெருக் கடைவாசல்களில் படுத்துக் கிடந்தார்கள்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எங்கள் கூலி லயத்தில் எதிரெதிராக இரண்டு வரிசையில் பன்னிரண்டு வீடுகள். லயத்துப் பெண்கள் குழாயடியில் நின்றபடியே ஓர் ஏற்பாட்டைச் செய்து முடித்தார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வீடும் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட வேண்டும். வருகிற குடும்பம் ஒரு வீட்டில் பத்து நாள் தங்கலாம். அதற்குள் வேலை தேடித் தருவது ஆண்கள் பாடு. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. யார் வீட்டு முறையோ அந்தக் கதவில் சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிடுவாள்.

லயத்தில் வெளியாள் தங்கக் கூடாது என்பது கம்பெனிக் கட்டளை. மீறினால் வந்தவருக்கு முகாம், வீட்டுக்காரருக்குத் தெரு. விசேஷத்துக்கு வரும் உறவினருக்கு மட்டும் மூன்று நாள் அனுமதி உண்டு.

எங்கள் முறைக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாளுக்கு மாதம் நிறைந்திருந்தது. கப்பலேற்றினால் நடுக்கடலில்தான் பிரசவம். கணவர் உள்ளே வரவே மாட்டார். வாசற்படிக்கு வெளியே குந்திக்கொண்டு, தண்ணீரைச் சிரட்டையில் ஊற்றச் சொல்வார். அம்மா பித்தளைச் செம்பில்தான் கொடுப்பாள். அவரும் என்னைப் போலக் கூச்சக்காரர் என்று எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

இரண்டு நாள் கழித்துக் காலையில், லயத்தைப் பார்வையிடும் கம்பெனிக் குமாஸ்தாவான கிராணி வந்து நின்றார். அவரும் தமிழர்தான்.

"யாரு இவங்க?"

"எங்க அண்ணனும் அண்ணியும். இவனுக்குக் காது குத்து, அதான் வந்திருக்காங்க" என்றாள் அம்மா.

கிராணி அந்த மனிதர் குந்தியிருந்த விதத்தை மேலும் கீழும் பார்த்தார். "தாய்மாமன் ஏன் வாசல்ல உக்காந்திருக்காரு?"

"உள்ள புழுக்கமா இருக்கு. காத்து வாங்குறாரு."

"அப்படியா? சரி, குத்துங்க. பாத்துட்டே போறேன்லா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. அப்பா அவள் பக்கத்தில் வந்து மெதுவாக, "உங்க அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவே?" என்றார்.

"எங்க அண்ணன் இங்கதான இருக்காரு" என்றாள் அம்மா, லயம் முழுவதும் கேட்கும்படி. பக்கத்து வீட்டுப் பையனை ஆசாரியைக் கூட்டிவர ஓடச் சொன்னாள். பிறகு வாசலுக்கு வந்தாள். "அண்ணே, உள்ள வாங்க. மருமகன மடியில வைங்க."

"வேணாம் தாயி" என்றார் அவர், எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கும் குரலில். அம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். எதிர்வீட்டு அத்தை தன் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் என்னை மடியில் உட்காரவைத்தார். ஆசாரி ஊசியை எடுத்ததும் நான் கத்திய கத்தலில் கிராணியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகும்போது, "மூணு நாள்தான்" என்றார்.

"மூணு நாளுக்குள்ள அண்ணிக்குப் பிள்ளை பொறந்துரும். அப்புறம் பேரு வைக்கிற விசேஷம் இருக்கு. அதுக்கும் வந்துருங்க."

கிராணி வரவில்லை. மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதன் அப்பாவுக்குக் கரி சேமிக்கும் கிட்டங்கியில் வேலை கிடைத்தது. எதிர்வீட்டு அத்தை பிடியரிசி போடுவதை நிறுத்திவிட்டாள். அன்றுமுதல் அம்மா இரண்டு பிடி போட்டாள்.

ஊருக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. "நடந்தத அப்படியே எழுது. ஒண்ணையும் மறைக்காத" என்றாள் அம்மா. யார் மடி, அவர் எங்கே உட்கார்ந்திருந்தார், அம்மா எப்படிக் கைப்பிடித்து அழைத்தாள் என்று எல்லாவற்றையும் எழுதினேன். இந்த மாமா மிகவும் கூச்சப்படுகிறவர் என்று நானாகவும் ஒரு வரி சேர்த்தேன்.

பதில் வரவேயில்லை. ஒவ்வொரு கப்பலுக்கும் துறைமுகத்தில் போய் நின்றேன். அந்த மனிதரின் சாதிக்காரர்கள் எங்கள் ஊரில் எங்கள் தெருவுக்குள் நடக்கவே கூடாது என்பதோ, அம்மா அன்று எதைத் தூக்கி எறிந்தாள் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. ஊர் மாமாவுக்கும் கூச்சம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "ஆமாம்" என்றாள்.