முனிராஜ் அண்ணன் கேட்ட தகடு

நவம்பர் 6, காலை 5.50. எங்கள் அசெம்பிளி லைனில் நேற்று வரை பதினான்கு பேர். இன்று பதின்மூன்று.

முனிராஜ் அண்ணன் போய்விட்டார். நேற்று ராத்திரி அவர் ஊர் கெலவரப்பள்ளியில் தக்காளிக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்... நெஞ்சு வலி. ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தாறு.

ஆக்சிடென்ட் இல்லை. "அந்தப் பழைய பைக்கிலா?" என்று இதுவரை நாலு பேர் போனில் கேட்டுவிட்டார்கள். அந்த பைக் நாற்பத்து மூன்று நாளாக ஓடவே இல்லை. ஓடாததற்குக் காரணம் நான். அதனால் நானே எழுதுகிறேன்.

அவர் அப்பா ஐம்பத்தேழில் பெங்களூர் போய் வாங்கிய பைக். அந்த வருஷமே தன் தங்கச்சி மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரை அதில் கட்டிக்கொண்டு போனாராம். அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் தாய்மாமனாகப் போனாலும் அதில்தான்.

பின்சக்கர ஆக்சிலின் இரண்டு முனையிலும் செயினை இறுக்கிப் பிடிக்கும் அட்ஜஸ்டர். இப்போதைய போல்ட் டைப் இல்லை. நத்தை ஓடு மாதிரி வளைந்த தகடு, ஓரத்தில் பல். இரண்டு பக்கமும் ஒரே பல்லில் நிற்க வேண்டும். இடது தகட்டில் பல் உடைந்து, சக்கரம் நழுவி, செயின் தொங்கியது. அண்ணன் கம்பி சுற்றிக் கட்டிக்கொண்டு ஷிஃப்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

பார்க்கிங்கில் பார்த்துத் திட்டினேன். இதெல்லாம் ஒரு வேலையா, ஹைவேயில் செயின் கழன்றால் என்ன ஆவது என்று. புதுசு நானே செய்து தருகிறேன் என்று சொல்லி, அளவுக்காக நன்றாக இருந்த வலது தகட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டேன்.

ஒரு சாதாரணத் தகடு. அதற்கு ட்ராயிங் போட்டேன். அளவில் எவ்வளவு கூடலாம் குறையலாம் என்கிற டாலரன்ஸ் சரியில்லை என்று ரிவிஷன் ஏ போய் ரிவிஷன் பி. பழைய பல் தேய்ந்திருக்கிறது, ஒரிஜினல் அளவு தெரியாமல் வெட்டக்கூடாது என்று ரிவிஷன் சி...

தினமும் கேன்டீனில் எனக்கு எதிரே தட்டோடு வந்து உட்காருவார்.

"இன்னா தம்பி, வந்துச்சா?"

இல்லண்ணா என்பேன்.

"நத்ததானே... நடந்தே வரட்டும்."

மேஜையே சிரிக்கும். எனக்குக் கோபம் வரும்.

ஒரு நாள் மட்டும் அவர் கிண்டல் பண்ணவில்லை. சிங்காரப்பேட்டையில் தங்கச்சி பொண்ணுக்குக் காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை என்றார்.

"அந்தப் பழைய தகடயாவது குடு தம்பி. கம்பி கட்டி மெதுவா போய்ட்டு வந்துடறேன்."

முடியாது என்றேன். அவ்வளவு தூரம் அப்படிப் போவது ஆபத்து என்றேன். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மூன்று நாள் இருந்தது. லேசர் மெஷினில் பத்து நிமிஷ வேலை. வெட்டவில்லை.

சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பஸ் மாறிப் போனார். குருபரப்பள்ளி தாண்டும்போது ஒரு போட்டோ அனுப்பினார். புதுப் பாவாடை, வாழைப்பழம், சின்னத் தோட்டுப் பெட்டி, தட்டை அணைத்திருக்கும் அவர் கை. கீழே ஒரு வார்த்தை இல்லை.

நான் கட்டைவிரல் எமோஜி போட்டு அனுப்பினேன்.

திங்கட்கிழமை மறுபடி எதிரே வந்து உட்கார்ந்தார். "வந்துச்சா?" அதே குரல். நேற்றும் கேட்டார். போனைப் பார்த்தபடியே இல்லை என்று தலையாட்டினேன்... அதுதான் கடைசி.

அந்த வலது தகடு என் டிராயரில் இருக்கிறது. கிரீஸ் துடைத்து, கவரில் போட்டு, மேலே 'சாம்பிள்' என்று எழுதி.

இனி செய்யப் போவது:

1. நாளை, ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு முன்னால் டூல் ரூம். சாம்பிளில் இருக்கும் அளவிலேயே இரண்டு தகடு. ரிவிஷன் கிடையாது.

2. ஞாயிறு கெலவரப்பள்ளி. இரண்டு பக்கமும் மாட்டி, ஒரே பல்லில் நிறுத்தி, சக்கரம் நேராக நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்ப்பது.

3. சாவி அவர் மகனிடம். அவனுக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறாள்.

4. அண்ணன் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, போனை எடுக்காமல், நிமிர்ந்து பார்த்துச் சொல்வது: வந்துருச்சுண்ணா.