அந்த ஆள் இங்கே இல்லை

லோன் கேட்டவர் சொன்ன விலாசத்தில்தான் இருக்கிறாரா என்று அவர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் விசாரித்து, பேங்குக்கு ரிப்போர்ட் எழுதித் தருவதுதான் என் தொழில். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அந்தச் செய்தி வரும்வரை, தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எனக்குக் காபி கொடுக்காத வீடு குறைவு.

கடன் வாங்கியவர்களின் ஜாதகத்தையே சேர்த்து வைத்திருந்த ஒரு கம்பெனியிலிருந்து பேர், பிறந்த தேதி, அப்பா பேர், விலாசம் எல்லாம் திருட்டுப்போய்விட்டதாம். உங்களுக்கும் அப்போது யார் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டு, லோன் வேணுமா என்று உயிரை வாங்கியிருப்பார்களே? அந்தக் கோபமெல்லாம் என் தலையில்தான் விடிந்தது.

போட்டோவில் இருந்தவர்

வண்டலூரில் ஒரு வீட்டு வாசலில் பனியனோடு நின்றவரிடம், லோன் கேட்டிருந்தவர் பேரைச் சொல்லி விசாரித்தேன். "அவரா? காலி பண்ணிக்கினு போய்ட்டாரே" என்றார். என் ஃபைலில் இருந்த போட்டோவைப் பார்த்தேன். அதே மீசை, அதே முன்வழுக்கை. "சார், இது நீங்கதானே?" என்று காட்டினேன்.

மனுஷன் அசரவே இல்லை. "போட்டோல கீறது நான்தான். ஆனா அந்த ஆளு இங்க இல்ல, எழுதிக்க!"

கேட்டுக்கு அந்தப் பக்கம்

கோவிலம்பாக்கத்தில் தையல் யூனிட் வைத்திருந்தவர் மெஹருன்னிசா அக்கா. ஒரு ஸ்கூலின் யூனிஃபார்ம் ஆர்டர் முழுவதும் அவர் கைக்கு வந்திருந்தது. புது மெஷின் வாங்க லோன் கேட்டால், நாவலூரில் பைக் எடுத்துவிட்டுத் தவணை கட்டாதவர் என்று சொல்லி பேங்க் கையை விரித்துவிட்டது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அக்கா! யாரோ ஒருத்தி அவர் விவரங்களை வைத்து வண்டி எடுத்திருக்கிறாள். "இவர் அவரில்லை" என்று என் ரிப்போர்ட் போனால்தான் லோன். ஸ்கூல் திறப்பதற்குள் மெஷின் வராவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு.

பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று வழக்கம்போல ஆரம்பித்தேன். பிறந்த தேதி இதுதானே, அப்பா பேர் இதுதானே, முன்னாடி பல்லாவரத்தில்தானே இருந்தீங்க? கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. "எல்லாம் மனப்பாடமா வெச்சிருக்கீங்களே! அந்தக் கோஷ்டியா நீங்க?" என்றார். அவசரமாக ஐடி கார்டை எடுத்து நீட்டினேன். அதைத் தொடவே இல்லை.

"என் பேர் போட்ட கார்டையே எவளோ வெச்சிருக்கா. உங்க கார்டை நான் எப்படித் தம்பி நம்புறது? உங்க வீட்டு அட்ரஸ் குடுங்க, நான் வந்து விசாரிக்கிறேன்."

என் தெரு

மறுநாள் நிஜமாகவே வந்துவிட்டார், குடையும் கையுமாக, சேலையூருக்கு. நான் வேலை முடிந்து வரும்போது, மேரி அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார். நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம், அவர் வீட்டுக்காரம்மா. "அப்டி யாரும் இல்லம்மா. மாடி காலியாத்தான் கீது" என்கிறார். மாடிக் கொடியில் என் சட்டை காய்கிறது!

"அக்கா, நான்தான்னு சொல்லுங்க!" என்று கெஞ்சினேன். மேரி அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "யாரு சார் நீங்க?" என்று கேட்டு, ஓடிப்போ என்று கண்ணால் ஜாடை வேறு காட்டினார்; கடன் வசூலுக்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து என்னைக் காப்பாற்றுகிறாராம்! போச்சுடா என்று நான் தலையில் கை வைக்க, மெஹருன்னிசா அக்கா குடையை மடக்கிவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஏமாத்துறவனா இருந்தா, ஆமா இங்கதான் இருக்காருன்னு சொல்ல ஆள் செட் பண்ணியிருப்பான். இல்லன்னு சொல்ல எவன் செட் பண்ணுவான்? கேளுங்க தம்பி, என்ன கேக்கணுமோ."

மெஷின் வந்த பிறகு

ரிப்போர்ட் போனது, பைக் கடன் அவர் பேரிலிருந்து நீங்கியது, ஸ்கூல் திறக்கும் முன்பே மெஷினும் வந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பார்க்கப் போனேன். கேட்டைத் திறந்து, டீ கொடுத்தார். "பைக் எடுத்தவ யாருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார். பேர்கூடத் தெரியவில்லை என்றேன். ஊசியில் நூல் கோர்த்தபடியே சொன்னார்:

"நம்ம எல்லாருடைய விவரமும் சந்தி சிரிக்குது. அவளோடது மட்டும் எவ்வளவு பத்திரமா இருக்கு பாருங்க!"

அதற்குப் பிறகு, யாராவது "அந்த ஆள் இங்கே இல்லவே இல்லை" என்று அடித்துச் சொன்னால், ரிப்போர்ட்டில் "விலாசம் சரி" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன்.